பெயரும் பேழையும்

கெடா மாநிலத்தின் கோலா மூடா மாவட்டத்தில், சுங்கை பட்டாணிக்குத் தெற்கே அமைந்துள்ள சிற்றூர் திகாம் பத்து. தமிழகத்திலிருந்து புதிதாக வருபவர் இப்பெயரைப் பலகையிற் கண்டால், எதனுடைய பத்து என்று வினவாமல் இரார். மலாய் மொழியில் பத்து என்பது கல்; திகாம் என்பது குத்துதல். மலாய்க்காரர் கல் என்று சொன்னதைத் தமிழர் தம் எழுத்தில் எழுதியபோது அஃது எண்ணாகிவிட்டது. பத்துமலைக்கு வந்து பத்து மலைகளை எண்ண முயல்வோரும், சுங்கை பட்டாணியில் பட்டாணி விளைந்ததோ என்று ஐயுறுவோரும் இவ்வகையினரே. மலாயில் பெத்தானி என்றால் உழவர்.

ஊர்ப்பெயர் ஓர் எழுத்து முறையிலிருந்து மற்றோர் எழுத்து முறைக்குச் செல்லும்போது உருமாறுவதில் வியப்பில்லை. பேச்சு வழக்கில் அதனால் பெருங்கேடும் இல்லை. ஆனால் இன்று பள்ளிகளும் ஆலயங்களும் சங்கங்களும் தத்தம் பழைய நிழற்படங்களையும் கூட்டக் குறிப்புகளையும் ஆண்டு மலர்களையும் கணினியிற் பதிந்து, தொலைவிலுள்ள சேமிப்பகங்களுக்கு இணையவழி அனுப்பிவைக்கின்றன. மேகச் சேமிப்பகம் என்பது அவற்றுக்கு வழங்கும் பெயர். மேகம் என்று சொன்னாலும் அஃது ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு கட்டடத்தில் நிரல்பட அடுக்கப்பட்ட கணினிக் கூட்டமே. அங்கே வைக்கப்படும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பெயர் வேண்டும். மனிதர் மனம்போல எழுதும் தலைப்பு வேறு. பொறி இடறாமல் ஏற்றுக்கொள்ளும் பெயர் வேறு. முன்னதிலிருந்து பின்னதை எவ்வாறு ஆக்குவது என்பது கணினி வல்லாரின் சிறுவேலை போலத் தோன்றும். எனினும் அவ்வேலைக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு பகுதி கெடா மண்ணோடு தொடர்புடையது.

தொல்காப்பியர் தம் சொல்லதிகாரத்து எச்சவியலில், வடசொற்கள் தமிழுக்குள் வருங்கால் வடவெழுத்தைக் களைந்து தமிழ் எழுத்தோடு பொருந்தி வருதல் வேண்டும் என்று விதி செய்தார். பிற்காலத்தில் நன்னூலார் அதனை மேலும் வரையறுத்தார். ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் நில்லா. நிற்க நேரின் முன்னே ஓர் உயிரெழுத்துத் துணை வரும். ராமன் இராமன் ஆனதும், லங்கை இலங்கை ஆனதும் இதனாலேயே. ஏற்கத்தக்க எழுத்து எது, தகாத எழுத்துக்கு மாற்று எது, முதலில் நிற்கக் கூடாததற்கு என்ன செய்வது என்பனவற்றை வரையறுக்கும் இவ்விலக்கணத்திற்கும், இன்று கோப்புப் பெயரைத் தூய்மைப்படுத்தும் நிரலுக்கும் நோக்கத்தில் வேற்றுமை சிறிதே.

இவ்விதி செயற்பட்ட முறையைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டிலேயே காணலாம். முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து சென்று ஸ்ரீவிசயப் பேரரசின் துறைகளைத் தாக்கியது. வென்ற ஊர்களின் பெயர்களை அவன் மெய்க்கீர்த்தி வரிசைப்படுத்துகிறது. இலங்காசோகம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், தலைத்தக்கோலம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, கடாரம் என்று செல்லும் அவ்வரிசையில் ஒலிக்கும் பெயர்கள் பல அந்நாட்டு மக்கள் வாயில் வழங்கியவற்றின் தமிழ் வார்ப்புகள். லங்காசுகம் முன்னே இகரம் பெற்றது. லாமுரியும் அவ்வாறே ஆயிற்று. தாம்பிரலிங்கம் தமாலிங்கமாகி, மா என்னும் சிறப்படையும் ஏற்றது. பாட்டின் ஓசைக்கும் தமிழின் மரபுக்கும் இயைந்த பெயர்கள் அவை என்பதில் ஐயமில்லை.

இழப்பு பின்னரே தெரிந்தது. ஒன்பது நூற்றாண்டு கழித்து, அவ்வூர்கள் யாவை என்று அறிய முனைந்த ஆய்வாளர் தமிழ்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் பெயரை மீட்க இயலவில்லை. 1918-இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ் ஸ்ரீவிசயத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆய்வும், பின்னர் நீலகண்ட சாத்திரியார் போன்றோர் செய்த ஆய்வுகளும் சீனர், அரபியர் குறிப்புகளைத் தமிழ்க் கல்வெட்டோடு ஒப்பிட்டுப் பலவற்றை அடையாளம் காட்டின. மேவிலிம்பங்கமும் வளைப்பந்தூறும் எவை என்பதில் இன்றளவும் உறுதியான முடிவு இல்லை. பெயரைத் தூய்மைப்படுத்துவது ஒருவழிப் பாதை. சென்ற வழியே திரும்பி வருதல் அரிது.

கடாரத்தின் கதை வேறு வகைச் சிக்கல். பட்டினப்பாலை கூறும் காழகம் கடாரமே என்று உரை வகுத்தார் நச்சினார்க்கினியர். சோழர் கல்வெட்டில் அது கடாரம். லெய்டன் பெருஞ்செப்பேட்டின் தமிழ்ப்பகுதியில் அந்நாட்டு வேந்தன் கிடாரத்தரையன். வடமொழியாளர் கடாகம் என்றனர். இன்றைய மக்களுக்கு அது கெடா. மாதமாலிங்கத்தில் பெயர் தேய்ந்தது. கெடாவில் பெயர் பெருகியது. பெயர்களைப் பேழையில் அடைப்போர் எக்காலத்தும் எதிர்கொள்ளும் இடர்கள் இவ்விரண்டே: வெவ்வேறு பொருள்களின் பெயர்கள் மழுங்கி ஒன்றாவது, ஒரே பொருளின் பெயர் சிதறிப் பலவாவது.

இரப்பர்த் தோட்டக் காலத்தில் இப்பெயர் மாற்றம் எதிர்த் திசையில் நிகழ்ந்தது. விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட கிராணி, தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் செக்ரோலில் எழுதினார். அவர் செவிக்கு எட்டியவாறு எழுதினார் என்பதன்றி, எழுத்துப் பெயர்ப்புக்கு அவரிடம் அளவுகோல் எதுவும் இல்லை. லட்சுமி என்னும் ஒரு பெயர் லெட்சுமி, லெச்சுமி, லெட்சிமி எனப் பலவாறு எழுதப்பட்டது. பிறப்புப் பத்திரத்தில் ஒருவாறும், பள்ளிப் பதிவேட்டில் ஒருவாறும், அடையாள அட்டையில் இன்னொருவாறும் அமைந்த பெயரை வைத்துக்கொண்டு, மூன்றும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியோர் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. முதுமையில் சேமநிதிப் பணத்திற்கு ஏங்கி நின்ற தாய்மாருக்கு ஓர் எழுத்தின் விலை தெரியும்.

1948-இல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் மலாயாவில் ஆளடையாளப் பதிவு தொடங்கியது. அட்டையில் பெயரோடு எண்ணும் இடம்பெற்றது. 1990-இல் இன்றைய பன்னிரண்டு இலக்க முறை வந்தது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளைக் குறிப்பன, அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் குறிப்பன, கெடாவுக்கு 02. பெயர் எவ்வாறு எழுதப்படினும் ஆள் மாறாமலிருக்க எண் காப்பாயிற்று. ஆயினும் அவ்வெண்ணில் பொருளைப் பொதிந்து வைத்ததனால் ஒரு தொல்லையும் உண்டு. பிறந்த நாள் பிழையாகப் பதிவாகியிருப்பின் எண்ணும் அப்பிழையைச் சுமக்கும். பொருளற்ற எண்ணுக்குப் பிழைபட வழியில்லை.

கணினியின் கதைக்கு வருவோம். 1963-இல் அமெரிக்கர் வகுத்த ஆஸ்கி என்னும் குறியேற்றத்தில் மொத்தம் 128 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தக் குறிகளும் அவற்றை நிரப்பிவிட்டன. 1981-இல் வந்த எம்.எஸ்.டாஸ் முறையில் கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்து, வகையைக் காட்டும் ஒட்டுக்கு மூன்று எழுத்து, அதற்குமேல் இடமில்லை. திருவருட்பா, திருவாரூர், திருவரங்கம் என்னும் மூன்று தலைப்புகளை ரோமன் எழுத்தில் வழக்கம்போல் எழுதி முதல் எட்டு எழுத்தை மட்டும் கொண்டால் மூன்றும் ஒரே பெயராய் நிற்கும். பழைய டாஸ் முறையில் ஒரே பெயரில் இரண்டாம் கோப்பைப் படியெடுத்தால் முதற்கோப்பு கேள்வியின்றி அழியும். திருவருட்பாவின்மேல் திருவாரூர் ஏறி அமர்ந்துகொள்ளும் என்று பொருள்.

1995-இல் வந்த விண்டோஸ் நீண்ட பெயர்களுக்கு இடம் தந்தது. பழைய நிரல்களுக்காக எட்டெழுத்துப் பெயரையும் உடன் வைத்திருந்தது. முதல் ஆறு எழுத்தோடு ஒரு நெளிகோடும் ஓர் எண்ணும் சேர்த்து ஒன்றாம் திருவா, இரண்டாம் திருவா என்று பிரித்தது. ஒரே தோட்டத்தில் இரு முனியாண்டிகள் இருந்தால் பெரிய முனியாண்டி, சின்ன முனியாண்டி என்று மக்கள் பிரிப்பதும் இம்முறையே.

தமிழ் எழுத்தைக் கணினியில் ஏற்றுவதற்கு மலேசியத் தமிழர் ஆற்றிய பணி சிறிதன்று. முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். ஆயினும் அந்நாளில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியேற்றம் வேறுபட்டது. ஓர் எழுத்துருவில் தமிழாகத் தெரிந்தது மற்றொன்றில் வெற்றுக் கிறுக்கலாகத் தெரிந்தது. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் நடந்த தமிழிணைய மாநாடுகள் ஒரு பொதுநெறியை நாடின. 1991-இல் வெளிவந்த ஒருங்குறி தமிழுக்குத் தனியிடம் ஒதுக்கியிருந்தும், அது நடைமுறையில் வேரூன்றப் பல ஆண்டுகள் ஆயின.

இக்குழப்பத்தின் நடுவே, 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார். உலகெங்கும் பரவியிருந்த தமிழர் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, எவரும் இலவசமாகப் பெறும்படி இணையத்தில் வைத்தனர். அவர்கள் கோப்புக்குப் பெயரிட்ட முறை ஈண்டு கருதத்தக்கது. நூலின் பெயரை ரோமன் எழுத்தில் முறுக்கிப் பிழியும் வேலையை அவர்கள் மேற்கொள்ளவில்லை. திட்டத்தைக் குறிக்கும் இரண்டோர் ஆங்கில எழுத்து, அதன்பின் ஒரு வரிசை எண், அவ்வளவே. திருக்குறள் முதலெண் பெற்றது. எண், நூற்பெயர், ஆசிரியர் பெயர் ஆகியவற்றைக் கொண்ட பட்டியல் தனியே இருந்தது. பழைய குறியேற்றத்திலிருந்து ஒருங்குறிக்கு நூல்கள் மாற்றப்பட்டபோது கோப்பின் உள்ளிருந்த ஒவ்வொரு எழுத்தும் வேறு குறியீடு பெற்றது, எண் மாறவில்லை. தமிழ்ப் பெயரையே அந்நாளைய குறியேற்றத்தில் கோப்புப் பெயராக வைத்திருந்தால் இன்று பாதி நூல்களின் பெயர் படிக்க இயலாததாயிருக்கும்.

இன்று ஒருங்குறி எங்கும் பரவிவிட்டமையால் தமிழ்ப் பெயரையே இட்டால் என்ன என்று கேட்பதில் நியாயம் உண்டு. இயலும்; ஆனால் சில கணக்குகளை அறிந்து செய்தல் வேண்டும். கென் தாம்சன், ராப் பைக் என்னும் இருவர் 1992-இல் வகுத்த யு.டி.எஃப்-8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். திருக்குறள் என்பது கண்ணுக்கு ஆறு எழுத்து. உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் கணினிக்கு அது 11 குறியீடு, 33 பைட்டு. இணைய முகவரியில் இடும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்தெண்ணுமாக விரிய, ஆறெழுத்துச் சொல் 99 குறிகளாகிவிடும். 2006-இல் அமேசான் தொடங்கிய எஸ்-3 சேமிப்பகத்தில் ஒரு கோப்பின் முழுப்பெயருக்கு 1024 பைட்டு எல்லை. தமிழில் 341 குறியீடு. லினக்ஸ் கணினிகளிலோ பொதுவாக 255 பைட்டு. தமிழில் 85 குறியீடு. எல்லையைத் தாண்டும் பெயரைப் பைட்டுக் கணக்கில் வெட்டினால் எழுத்தின் நடுவே வெட்டு விழுந்து பெயர் சிதையும். குறியீட்டுக் கணக்கில் வெட்டினாலும் கடைசிப் புள்ளி போய், தமிழ் என்பது தமிழ என நிற்கலாம்.

நிறுத்தக் குறிகளின் தொல்லை வேறு. 31/8/1957 விடுதலை விழா என்று ஒருவர் தலைப்பிடுகிறார் எனக் கொள்வோம். விண்டோஸ் கணினி சாய்கோட்டை ஏற்காது. எஸ்-3 ஏற்கும்; ஏற்று, 31 என்னும் அறைக்குள் 8 என்னும் அறை, அதனுள் விழாப்படம் என்று காட்டும். அறைகளெல்லாம் தோற்றமே, அங்கு உண்மையில் இருப்பது நீண்ட ஒரே பெயர். தமிழ் வாழுமா என்ற தலைப்பின் ஈற்றில் உள்ள வினாக்குறியை முகவரியில் அப்படியே விட்டால், அதனோடு பெயர் முடிந்தது என்று கணினி கருதிக்கொள்ளும்.

இவற்றுக்கெல்லாம் அஞ்சி, தகாத குறிகளை அகற்றும் நிரல்கள் எழுதப்பட்டன. அவற்றுட் பல ஆங்கிலத்தை மட்டுமே எண்ணி எழுதப்பட்டவை. பைத்தான் மொழியில் நிரல் எழுதுவோர் பரவலாகக் கையாளும் வெர்க்சாய்க் தொகுப்பில் இதற்கென ஒரு கூறு உள்ளது. ஆஸ்கியில் அடங்காத எதனையும் அது நீக்கிவிடும். முழுதும் தமிழாயின் எஞ்சுவது ஒன்றுமில்லை. பெயர் வெறுமையாகலாம், பயன்படுத்துவோரே அதனைக் கவனிக்க வேண்டும் என்று அதன் விளக்கக் குறிப்பே எச்சரிக்கிறது. எச்சரிக்கையைப் படியாதவர் கையில் ஒரு பள்ளியின் நூறு தமிழ்க் கோப்புகளும் ஒரே வெற்றுப் பெயரை அடையும்.

இன்னும் சிலர் சற்று இரங்கி, எம்மொழி எழுத்தாயினும் எழுத்தை மட்டும் விட்டுவைப்போம் என்று நிரல் எழுதினர். ஒருங்குறியின் வகைப்பாட்டில் புள்ளியும் உயிர்க்குறிகளும் எழுத்தல்ல. சார்ந்து வரும் குறிகள். ஆகவே அவை களையப்படும். அந்நிரலில் திருக்குறளை இட்டால் தரககறள என வெளிவரும். பள்ளி, பிள்ளை, பள்ளு ஆகிய மூன்றும் பளள என்றே வெளிவரும். கல்வியும் கலவையும் கலவ ஆகிவிடும். எழுத்து எது என்று வகுக்கத் தொல்காப்பியர் ஓர் அதிகாரமே செய்தார் என்பதை நினைத்தால், இதனைக் கண்டு நகைப்பதா வருந்துவதா என்று தோன்றும்.

ரோமன் எழுத்திற்குப் பெயர்த்தலும் நிறைவு தருவதன்று. மேற்கோடும் கீழ்ப்புள்ளியும் இட்டு எழுதும் அறிஞர் முறையில் வாள், வால், வாழ் மூன்றும் வேறுபட்டே நிற்கும். கோப்புப் பெயருக்காக அக்குறிகளை நீக்கிய அளவில் மூன்றும் ஒன்றாகும். பத்தும் பட்டும் ஒன்றாகும். கல்லாயிருந்து எண்ணாகிய பத்து, இரண்டாம் பயணத்தில் பட்டாகவும் மாற வழியுண்டு.

கடாரமும் கிடாரமும் போல ஒரே பெயர் இரண்டாவதும் இன்று நிகழ்கிறது. கொ என்னும் எழுத்தை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு வேற்றுமை இல்லை. ஆப்பிள் நிறுவனத்தின் பழைய கோப்பு முறை பிரித்து எழுதும். பிற கணினிகள் பெரும்பாலும் சேர்த்தே எழுதும். எஸ்-3 சேமிப்பகம் பைட்டுகளை மட்டும் நோக்குவதாதலின், கொடியேற்றம் என்னும் ஒரே தலைப்பு அங்கு இரு கோப்புகளாக நிற்கும். ஒருங்குறியார் வகுத்த ஒருசீராக்க விதியால் இதனைத் திருத்தலாம். ஸ்ரீ விடயத்தில் அதுவும் உதவாது. 2005-இல் ஶகரம் ஒருங்குறியில் தனியே சேர்க்கப்பட்டபின், ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ, ஶகரத்தில் தொடங்கும் ஸ்ரீ என இரண்டு வழங்குகின்றன. தோற்றம் ஒன்று, குறியீடு வேறு. தோட்டந்தோறும் ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் இருக்கும் நாட்டில் இஃது ஏட்டளவிலான ஐயமன்று.

ஆதலால் நெடுங்காலம் பயன்பட வேண்டிய சேமிப்பில், கோப்பின் புறப்பெயரை மனிதர் எழுதிய தலைப்பிலிருந்து உண்டாக்காமல் இருப்பதே நலம். மதுரைத் திட்டத்தார் போல வரிசை எண் இடலாம். பலர் ஒரே நேரத்தில் பல இடங்களிலிருந்து கோப்பை ஏற்றுவதாயின், ஒன்றோடொன்று மோதாத 128 பிட்டு நீளமுள்ள தற்போக்கு எண்ணைக் கணினியே ஆக்கித் தரும். சிறிய ஆங்கில எழுத்தும் இலக்கமும் சிறுகோடும் தவிர வேறெதுவும் புறப்பெயரில் வேண்டா. திகாம் பத்து என்னும் ஊர்ப்பெயரும், அதன் மலாய் எழுத்தும், படம் எடுத்த ஆண்டும், படத்தில் இருப்போர் பெயரும், வினாக்குறியோடு கூடிய தலைப்பும் எவ்வித வெட்டுமின்றிப் பதிவேட்டில் இருக்கட்டும். கூகுள் டிரைவ் செய்வதும் இதுவே. அங்கு ஒரே அறைக்குள் ஒரே பெயரில் இரு கோப்புகள் இருக்க முடிகிறது. ஏனெனில் கணினி அவற்றை அறிவது பெயரால் அன்று, உள்ளெண்ணால்.

பதிவேடு தொலைந்தால் எண்ணிட்ட பேழைகள் ஊமையாகிவிடும் என்னும் தடை இங்கு எழும். அத்தடை சரியானதே. அதனால் பதிவேட்டைக் கோப்புகள் இருக்கும் சேமிப்பகத்தில் மட்டும் வைத்தல் ஆகாது. ஒரு படி வேறொரு கணினியில் இருத்தல் வேண்டும். இன்னொரு படியைத் தாளில் அச்சிட்டு, பள்ளி அலுவலக இரும்பு அலமாரியில், பழைய வருகைப் பதிவேடுகளின் பக்கத்தில் வைக்கலாம். புதிதாக நூறு கோப்பு சேரும்போதெல்லாம் தாளையும் புதுப்பிக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்துவிட வேண்டும்.